ஒரு மூட்டைக்கு மேல் கூடாது

எங்கள் வீட்டின் பின்புறம், மோட்டார் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தட்டச்சில் அடித்தது. மேலே வலது ஓரத்தில் 12-8-2001 என்று தேதி. அதற்குக் கீழே மூன்று வரிகள்:

“உப்பு ஒரு மூட்டைக்கு மேல் கூடாது.
உப்பைக் கூட்டலாம். குறைக்க முடியாது.
சந்தேகமாக இருந்தால் எதையும் போடாதே.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தை நான் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, என் மனைவி அதைத் தமிழில் சுருக்கி அடித்தாள். நான் பக்கம் பக்கமாகச் சொன்னேன். அவள் அடித்தது மூன்று வரி. மீதியெல்லாம் வியாபாரப் பேச்சு என்றாள்.

திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்து அவள் பல வருடம் தட்டச்சு வேலை செய்தாள். மனு, ஒப்பந்தம், கோயில் நோட்டீஸ், மீனவர் சங்கக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகும் துயரத்தை எந்த அதிகாரியும் படிக்கமாட்டான் என்பது அவள் அனுபவம். அதனால்தான் அந்தச் சுருக்கம். தாளை உற்றுப் பார்த்தால் சில எழுத்துகள் மங்கலாக விழுந்திருக்கும். இடக்கைச் சிறுவிரல் அடிக்க வேண்டிய எழுத்துகள் அவை. அவள் கடைசியாக அடித்த தாள் இதுதான் என்று வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது சரியல்ல. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு ரேஷன் கார்டு மனு அடித்துக்கொடுத்தாள், வலக்கையால் மட்டும். அந்தம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தேதி விஷயத்தில் நான் இப்படித் திருத்தப்படுவது அபூர்வம் என்பதால் குறித்துவைக்கிறேன்.

நோய் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. 1999 கடைசியில், நடந்துகொண்டே இருக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியாது. வெறுங்காலோடு பத்தடி போய்விடுவாள். சிரித்துக்கொண்டு திரும்பி வந்து எடுத்துக்கொள்வோம். அடுத்த வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தசைக்குக் கட்டளை கொடுக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. காலில் தொடங்கும், கைக்கு வரும், பேச்சுக்கு வரும், மூச்சில் முடியும். மருந்து இல்லை. அவர் இதைச் சொன்னபோது மேஜை மேல் இருந்த காகித எடையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். என் மனைவிதான் அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல, “சரிங்க டாக்டர், பாத்துக்கறோம்” என்றாள்.

பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். அவர்தான் தண்ணீரைப் பற்றிச் சொன்னது. இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றால் உடம்பின் பாரம் பெரும்பகுதி போய்விடும், தரையில் தூக்க முடியாத கால் தண்ணீரில் தூக்கும், இருக்கிற தசையை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். “உங்க வீடு எங்கே? கடல் பக்கமா? அப்போ சௌகரியம்” என்றார்.

எங்கள் தெருக்கோடியில் கடல்தான். படுக்கையில் இருந்தே அலை கேட்கும். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அலை கரையைத் தின்றுகொண்டு வந்ததால் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஆளுயரக் கருங்கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நல்ல கால் உள்ளவனே இறங்க யோசிப்பான். மணல் என்று மிதிக்க ஒரு கைப்பிடி இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், ஆட்டோவில், அவள் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் பிறந்தது முகத்துவாரக்குப்பத்தில், உப்பங்கழி கடலில் சேரும் இடத்தில். நடக்கக் கற்பதற்கு முன்னால் நீந்தக் கற்றாள் என்று அவள் தம்பி சொல்லுவான். அதில் பாதியை மட்டும் நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கல்யாணமான புதிதில் நானே கண்டிருக்கிறேன். குப்பத்துக்குப் போனால் சாயங்காலம் புடவையோடு முகத்துவாரத்தில் இறங்கி, மல்லாந்து படுத்துவிடுவாள். கை கால் எதுவும் அசையாது. கழி தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒரு கட்டைபோல மிதப்பாள். நான் கரையில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடமும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. மரத்தை எடுத்துவிட்டுத் தொட்டி கட்டினோம். கொத்தனார் அதைத் தொட்டி என்றார், நான் நீச்சல் குளம் என்றேன், தெருவில் ‘மெரினா’ என்றார்கள். ஒரு படுக்கையறை அளவு, மார்பளவு ஆழம். ஒரு பக்கம் படி, சுற்றிலும் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய்.

தொட்டி கட்டுவது எளிது. தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பதுதான் வேலை என்பது ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டோம். தண்ணீரில் ஏறியிருந்த பாசிப் பச்சை போய்விட்டது. ஆனால் அந்த வாடை தண்ணீர் மேலேயே நின்றது. அவளுக்கு அப்போதே இருமலுக்கு வலு குறைந்திருந்தது. ஒருமுறை தண்ணீரில் நின்றபடி இருமத் தொடங்கி, இருமி முடிக்க முடியாமல், கண் பிதுங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னபோது அந்தப் பவுடர் வாடையே அவள் பக்கம் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நான் அப்போது ராயபுரத்தில், சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எண்ணூரில் புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அவர் வீட்டுச் சாமான்களுக்கான காகிதங்களை நான்தான் பார்த்தேன். அவர் குடியிருந்த பங்களாவில் ஒரு குளம் இருந்தது. அதில் உப்பிலிருந்தே குளோரின் எடுக்கும் ஓர் இயந்திரம் மாட்டியிருந்தார். திருப்பி எடுத்துப் போக அவருக்கு விருப்பமில்லை. நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்ததும், தானே ஸ்பேனரை எடுத்துக் கழற்றிக் கொடுத்தார்.

அது இயங்கும் விதம் இதுதான். தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைத்துவிட வேண்டும். கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்தத் தண்ணீர் சில உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் உப்பைப் பிரித்துக் குளோரினைத் தரும். அது கிருமியைக் கொன்றுவிட்டு மறுபடி உப்பாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுதும் நடப்பதால் வாடை இராது. உப்பு செலவாவதே இல்லை. வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த தண்ணீரை நிரப்பினால் போதும். ஆனால் உப்பு அதிகமாகிவிட்டால் தகடுகளில் மின்சாரம் அளவுமீறிப் பாயும். சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்த உப்பைத் திரும்ப எடுக்க எந்த மருந்தும் கிடையாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவது ஒன்றே வழி.

எங்கள் தொட்டிக்கு ஒரு மூட்டை உப்பு கணக்காக இருந்தது. அதைப் போட்ட அன்றுதான் அவள் அந்தத் தாளை அடித்தாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் ஒரு வேலை. காலையில் எழுந்ததும் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுப்பேன். ஒன்றில் சில சொட்டு விட்டால் மஞ்சள் வரும். அது குளோரின். மஞ்சள் மிக வெளிறினால் போதாது, ஆரஞ்சுக்குப் போனால் அதிகம். இன்னொன்றில் விட்டால் சிவப்பு வரும். அது தண்ணீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும். உப்பு இயந்திரம் ஓடும் தண்ணீர் எப்போதும் காரத்தின் பக்கமே சாயும். சிவப்பு கூடிக் கத்திரிப்பூ நிறத்துக்குப் போகும்போது கண் எரியும், குளோரினும் வேலை செய்யாது. அப்போது ஆசிட் விட வேண்டும். கக்கூஸ் கழுவத் தள்ளுவண்டியில் வருமே, அதே ஆசிட்தான். வாளித் தண்ணீரில் ஆசிட்டை விட்டு, அதைத் தொட்டியில் சுற்றி ஊற்றுவேன். அதிகமாகப் போய்விட்டால் ஆப்பசோடா. காற்று வடக்கிலிருந்து அடிக்கும் நாட்களில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் மேல் படலமாகப் படியும், பழுப்பாக, மிக மெல்லியதாக. அந்த வாரங்களில் ஆசிட் கூடுதலாகத் தேவைப்பட்டது. சாம்பல்தான் காரணமா என்று நான் நிரூபிக்கவில்லை.

அவள் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நான் கண்ணைச் சுருக்கும்போது, “இன்னாயா, தண்ணிக்கு ஜாதகம் பாத்துகினு கீறியா?” என்பாள். “செவ்வாய் கொஞ்சம் தூக்கலா கீது” என்பேன். “பரிகாரம் ஊத்து” என்பாள். பேச்சு குழற ஆரம்பித்த பிறகும் இந்த உரையாடல் நடந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்வது விளங்காது. எனக்கும் அவள் தம்பிக்கும் விளங்கும்.

பிறகு தண்ணீரில் இறங்குவோம். நான் பின்புறமாக நடப்பேன், அவள் இரண்டு கையையும் என் முழங்கையில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வருவாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். திரும்பி மறுபடியும். பேசமாட்டோம். 2002 பாதியில் தரையில் அவள் நடை முழுக்க நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆனால் தண்ணீரில் நடந்தாள். நாற்காலியோடு படிவரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டால், சில நொடி தள்ளாடி, நிமிர்ந்து, கால் எடுத்து வைப்பாள். உலகத்தில் அவள் நடக்கக்கூடிய இடம் அந்தத் தொட்டி ஒன்றுதான். அதனால்தான் அந்த மஞ்சளையும் சிவப்பையும் நான் அப்படிப் பார்த்தேன். தண்ணீர் ஒருநாள் கெட்டால் அவளுக்கு ஒருநாள் நடை இல்லை. ஒரு வாரம் கெட்டால் அந்த வாரத்துத் தசை திரும்ப வராது என்று பயிற்சி அம்மாள் சொல்லியிருந்தார்.

என் மச்சான், அவள் தம்பி, குப்பத்திலிருந்து வாரம் ஒருமுறை வருவான். மீன்பாடி வண்டியில் மீனோடு வந்து, மீனை அடுப்படியில் போட்டுவிட்டு நேராகத் தொட்டிக்குப் போவான். முதல் தடவை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“இன்னா மாமா, உப்புத் தண்ணின்னியே. இது கஞ்சிக்கே பத்தாது.”

அளவு அவ்வளவுதான் என்று இயந்திரத்தைக் காட்டி விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான். மனதில் ஏறவில்லை. உப்புத் தண்ணீர் என்றால் அவனுக்கு ஒரே ஒரு தண்ணீர்தான். பிறகு ஒவ்வொரு முறை வந்தாலும் விரலை நனைத்துப் பார்ப்பான், “சப்புன்னு கீது” என்பான், அவள் சிரிப்பாள். அவளுக்கும் அந்தக் குறை உண்டு. தொட்டியில் மல்லாந்து படுக்கப் பார்த்தால் கால் கீழே போய்விடும். பிடிக்கக் கை வேண்டும். கடல் தாங்கும், இது தாங்கமாட்டேன் என்கிறது என்று ஒருநாள் சொன்னாள். புகார்போல இல்லை, ஒரு தகவல்போலச் சொன்னாள்.

2003 கோடையைச் சென்னைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஏரிகள் காய்ந்து, குழாயில் காற்று வந்தது. எங்கள் தெருவில் லாரி வரும் நாளன்று விடிவதற்குள் குடங்கள் வரிசை கட்டிவிடும். ஆள் இல்லாத இடத்தில் செங்கல்லோ பழைய செருப்போ இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். எங்கள் போர்வெல்லில் எப்போதுமே துருவும் உப்பும் கலந்த தண்ணீர்தான், பாத்திரம் கழுவ மட்டும் ஆகும். ஒரு வாளியில் எடுத்துக் குளோரின் விட்டுப் பார்த்தேன், டீத்தண்ணி நிறத்துக்குப் போனது. அந்த மே மாதம் அதுவும் கீழே போய்விட்டது. தொட்டியில் இருந்ததெல்லாம் நல்ல மழை பெய்த காலத்தில் நிரப்பிய தண்ணீர். அதற்குத் தார்ப்பாய் போட்டு, ஆவியாகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

மே மூன்றாம் வாரம், ஒரு வேலைநாள். நான் ஆபீஸில் இருந்தேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா லாரி வரிசையில் நின்றிருந்தாள். மச்சான் வந்திருக்கிறான். மீன்பாடி வண்டியில் மீன் இல்லை. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் சேக்காளியிடமிருந்து மூன்று மூட்டைக் கல் உப்பு. மூன்றையும் தொட்டியில் கொட்டி, துடுப்புக் கட்டையால் கலக்கி, அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறான்.

நான் வீடு திரும்பியபோது அவன் போய்விட்டிருந்தான். அவள் ஈரத் தலையோடு நாற்காலியில் இருந்தாள். மோட்டார் அறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியோரம் கிழிந்த சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். பிறகு உள்ளே வந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “இன்னிக்கு மெதந்தேன்யா. யாரும் புடிக்கல.”

குழறிய பேச்சில் அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. அவள் முகம் அப்படி இருந்ததை அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை. முகத்துவாரத்தில் கரையேறி வரும்போது இருக்கும் முகம். நான் சிவப்பு விளக்கைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன்.

மறுநாள் சொன்னேன். இயந்திரம் நின்றுவிட்டது. நான்கு மூட்டை உப்பு உள்ள தண்ணீரை ஒரு மூட்டை அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கைக் கொட்ட வேண்டும். அவ்வளவு நல்ல தண்ணீர் திரும்ப ஊற்ற வேண்டும். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். ஆபீஸில் துறைமுகத்துக்குத் தண்ணீர் சப்ளை செய்யும் ஆள் ஒருவனைத் தெரியும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஒரு லாரியைத் திருப்பிவிடுவான். விடியற்காலையில் வந்து ஊற்றிவிட்டுப் போய்விடும்.

அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். வெளியே குடங்கள் வரிசையில் இருந்தன. லாரி முந்தினநாள் வந்து போனது, அடுத்தது எப்போது என்று தெரியாது, ஆனாலும் வரிசை கலையவில்லை.

“அதுங்க பாக்க அந்த லாரி நம்ம வூட்டாண்ட நிக்கணுமா?” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள்: “நான் நடக்கறதுக்கு?”

நான் வாதம் செய்தேன். யார் தண்ணீரையும் பிடுங்கவில்லை, காசுக்கு வாங்குகிறோம் என்றேன். அந்த லாரி இங்கே வந்தால் வேறெங்கோ போகாது, அவ்வளவுதான் கணக்கு என்று அவள் சொன்னாள். அடுத்து நான் கோபத்தில் மச்சானைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். கையைத் தூக்க முடியாததால் கண்ணாலேயே நிறுத்தினாள். அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். மழை வரட்டும், தார்ப்பாயை எடுத்துவிடு, மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்து தானாகச் சரியாகும் என்றாள். கணக்குப்படி அது சரிதான். மழை பெய்தால்.

அதுவரை பிளீச்சிங் பவுடரை மிகக் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் நாளே இருமல் வந்தது. விட்டுவிட்டோம். ஜூனில் தண்ணீரில் இளம்பச்சை ஏறியது. ஜூலையில் அடி தெரியவில்லை. நான் மட்டும் காலையில் எழுந்து இரண்டு குழாயிலும் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் வரவே இல்லை. அவள் இப்போது படியில் இல்லை, கட்டிலில் இருந்தாள். ஜாதகம் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

மச்சான் பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நின்றுபோன இயந்திரத்தையும் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வருவது குறைந்தது. மீனை வாசலில் வைத்துவிட்டு, “யக்கா, வெச்சுட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அவள் உள்ளிருந்து பதில் சொல்லும் சத்தம் வாசலுக்கு எட்டாது. நான்தான் போய், அக்கா கேட்டுக்கொண்டாள் என்று சொல்லுவேன். அதற்குள் வண்டி தெருமுனை போயிருக்கும்.

ஆகஸ்டில் ஒருநாள், கெட்ட தண்ணீர் என்றாலும் ஒரே ஒருமுறை இறக்கி நிற்கவைத்துப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். மேல் பாசியைத் துணியால் வழித்து ஒதுக்கிவிட்டு இறக்கினேன். அவள் கால் தரையைத் தொட்டது. தொட்டதும் மடிந்தது. என் முழங்கையில் வைத்திருந்த கை வழுக்கிக்கொண்டே போனது. தண்ணீர் அவளைத் தாங்கியது, நான்கு மூட்டை உப்பு அல்லவா. அவள் நடக்கவில்லை. மல்லாந்து, நான் பிடிக்காமலே, பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போதும் என்று கண்ணால் சொன்னாள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை நாலு நாள் தலைகாட்டிவிட்டுப் போனது. தார்ப்பாயை எடுத்துவிட்டு, ஓட்டுத் தண்ணீரையும் தகரம் வைத்துத் தொட்டிக்குள் திருப்பினேன். ஒரு சாண் ஏறியது. ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் உப்பு அளக்கும் மிதவை ஒன்று இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் ஓடிப்போய் விட்டுப் பார்ப்பேன். உப்பு குறைந்த அளவுக்கு அது தண்ணீரில் கொஞ்சம் இறங்கும். போதிய அளவு இறங்காது. ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து அவளிடம் எவ்வளவு இறங்கியது என்று சொல்லுவேன். கேட்டுக்கொள்வாள். கார்த்திகையில் ஒருநாள், நான் சொல்லி முடித்ததும், “உனக்காகப் பாக்கறியா, எனக்காகப் பாக்கறியா?” என்றாள். அதைப் புரிந்துகொள்ள இரண்டு முறை சொல்லவைக்க வேண்டியிருந்தது. மிதவையைத் துடைத்து உறையில் போட்டேன்.

2004 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் போய்விட்டாள். மச்சான் மயானம் வரை வந்தான். அந்த வருடக் கடைசியில் கடல் குப்பத்துக்குள் வந்தது. அதைப் பற்றி வேறிடத்தில் எழுதியிருக்கிறேன். அவன் பிழைத்தான், படகு பிழைக்கவில்லை.

தொட்டியை மூடிவிடச் சொன்னார்கள். கொத்தனாரே வந்து, மண் அடித்து மேலே மல்லி வைக்கலாம் என்றார். பார்க்கலாம் என்றே சொல்லிவந்தேன். திறந்துகிடந்த தொட்டியில் வெயில் காய்ந்தது, சாம்பல் விழுந்தது, காக்கை குளித்தது.

2005 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையைச் சென்னையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். தொட்டி இரவும் பகலும் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. நவம்பரில், ஒரு வெயில் கண்ட காலையில், பாய்க்குத் திருப்பித் தராமலே இருந்த மிதவையை எடுத்து விட்டுப் பார்த்தேன். அது இறங்கி நின்ற கோடு, குறிப்புப் புத்தகம் சொன்ன கோடு. ஒரு மூட்டை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆசிட்டும் ஆப்பசோடாவும் விட்டு, பாசியைத் தேய்த்து, வடிகட்டியைக் கழுவி, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. பச்சை எரிந்தது. ஒரு வாரத்தில் அடி தெரிந்தது. அவள் கால் வைத்து நடந்த இடத்தில் சிமென்ட் கொஞ்சம் வழவழப்பாக இருப்பது தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

அந்த வாரம்தான் மச்சான் வந்தான். வெள்ளத்தில் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றான். வாசலில் நிற்காமல் உள்ளே வந்தான், அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கம் போனான். தெளிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

“சப்புன்னுதான் கீது” என்றான்.

அவன் எழுந்திருக்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான்.

“மாமா. அந்த உப்பு நானா கொண்டாரல. அக்காதான் கேட்டுச்சி.”

என்ன கேட்டாள், எந்த வார்த்தையில் கேட்டாள் என்று கேட்டேன். என் சுபாவம் அது, விட முடியவில்லை.

“மூணு மூட்டை வோணும், மாமா ஆபீஸ் போனப்புறம் எத்துகினு வான்னுச்சி. அந்தக் கதவுல ஒரு பேப்பர் ஒட்டிகீது, அத்த மட்டும் நீ படிக்காதடான்னு சொல்லி சிரிச்சுது.” பிறகு, “எனக்கு எங்க மாமா படிக்கத் தெரியும்?” என்றான். அப்போதுதான் அவன் அழுதான்.

அவன் போன பிறகு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உட்பக்கம் இருந்த தாளைப் படித்தேன். குறைக்க முடியாது என்று அடித்தவள் அவள். அது தெரிந்தே, இன்னும் சில மாதம் நடப்பதைவிட ஒருநாள் மிதப்பது போதும் என்று முடிவு செய்தாளா? அல்லது இரண்டரை வருடம் தன் தலையில் சுமந்ததை இறக்கிவைக்க, மச்சான் தனக்கே ஓர் ஆறுதலைச் சொல்லிக்கொண்டானா? அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவள் என்னிடம் எதையும் மறைத்து நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது.

அந்த நாட்களில் அவள் பேச்சு விளங்கியது எங்கள் இருவருக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டேன், தான் அப்போது லாரி வரிசையில் நின்றதாகச் சொன்னாள். உப்பளத்துச் சேக்காளியைத் தேடினேன், அவன் எண்ணூரைவிட்டுப் போய்விட்டான். எனவே அவள் உப்பு கேட்டாள் என்பதற்கு மச்சானின் சொல்லைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. இதை எழுதும் இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை.